கொடியில் காய்ந்த படுதா

ஜோரிஸ் பவ்லாக் என்ற பெயரை இணையத்தில் தட்டிப் பாருங்கள். ஒரு படம் வரும். ஒட்ட வெட்டிய முடி, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். கீழே நாலு வரி. பிறந்த ஊர் வால்கூர், வடக்கு பிரான்ஸ். ஆடும் இடம் நடுக்களம். பலமான கால், வலது. ஆடிய ஆட்டம் ஒன்று, கோல் இல்லை, சிவப்பு அட்டை ஒன்று. இதைப் படித்துவிட்டு ஊர் பேர் தெரியாதவன் எல்லாம் 'முரடன்' என்றும் 'கால் வைத்த அன்றே கொழுப்பு' என்றும் எழுதிவிட்டுப் போகிறான். எழுதட்டும், அவன் வாய்க்கு யார் பூட்டுப் போடுவது? ஆனால் அந்தப் படத்தில் கீழ் உதட்டில் ஒரு தழும்பு இருக்கிறதே, அதைப் போட்டது யார் என்று ஒருத்தனாவது கேட்டானா? வால்கூரில் வந்து கேட்டால் பச்சைக் குழந்தைகூடச் சொல்லும்.

சுரங்கம் மூடிய பிறகு வால்கூருக்கு மிஞ்சியது இரண்டு கரிக்குப்பை மலையும், வரிசை வரிசையாய்ச் செங்கல் வீடுகளும், வீட்டுக்கு வீடு புறாக்கூடும், ஒரு கால்பந்துக் கழகமும்தான். ஜோரிஸின் அப்பா ரிச்சார் கடைசியாகச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் ஒருவர். ஜோரிஸ் ஐந்து வயதுப் பொடியனாக இருந்தபோது அவன் கண்ணெதிரே ஒன்று நடந்தது. அவன் அண்ணன் லுடோவுக்கு அப்போது பதினாறு. ஏதோ வாய்த்தகராறு முற்றி, எர்வே என்கிறவன் வீட்டுப் பந்தயப் புறாவைப் பிடித்துக் கழுத்தைத் திருகிவிட்டான் லுடோ. எங்கள் பக்கத்தில் மனிதனை அடித்தால் மன்னிப்பார்கள், புறாவை மன்னிக்க மாட்டார்கள். எர்வே வீட்டார் ஆள் திரட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

ரிச்சார் வெளியே வந்தார். இடுப்பு வாரை உருவி, நட்ட நடுத்தெருவில், ஊர் பார்க்க, பெற்ற மகனின் முதுகுத் தோல் கிழியும்வரை விளாசினார். சின்னவன் சுவரோரம் நின்று வீறிட்டு அழுதான். அடித்து ஓய்ந்ததும் எர்வேயின் அப்பாவைப் பார்த்து, "போதுமா?" என்று கேட்டார். "போதும்," என்றார் அவர். கணக்கு தீர்ந்தது. அன்று சாயங்காலமே இரண்டு வீட்டாரும் மோனிக் கடையில் ஒன்றாக உட்கார்ந்து பீர் குடித்தார்கள். சுரங்கத்து வழக்கம் அது. வீட்டுக்காரன் ஊரறியக் கை வைத்துவிட்டால் வெளியாள் கை வைக்கக் கூடாது. பகையை வைத்துக்கொண்டு ஒரே குழிக்குள் இறங்கி வேலை செய்ய முடியுமா?

ரிச்சார் நுரையீரல் கெட்டுச் செத்தார். அதற்குப் பிறகு ஜோரிஸுக்கு லுடோதான் எல்லாம். உறைபனிக் காய்கறி ஆலையில் குளிரறை வேலை முடித்துவிட்டு, விரல் மரத்த கையோடு தம்பியை சைக்கிளில் வைத்துப் பயிற்சிக்குக் கொண்டுபோவான். ஒருமுறை வேற்றூர்ப் பையன் ஒருவன் ஜோரிஸின் கணுக்காலை வேண்டுமென்றே மிதித்தான். லுடோ வேலி தாண்டிப் போய் அந்தப் பையனின் அப்பாவுடைய மூக்கை உடைத்துவிட்டு வந்தான். "பையனை அடிச்சா பாவம்டா, அதான் அப்பனை அடிச்சேன்," என்று அதற்கு நியாயம் வேறு. தம்பியின் கால் என்றால் அவனுக்கு அப்படி ஒரு வெறி. பலமான கால் வலது என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் காலைக் காப்பாற்ற எத்தனை பேர் பல் உடைந்தது என்று எழுத இடமில்லை போலிருக்கிறது.

லுடோவுக்கு இன்னொரு வெறியும் உண்டு. அது விளக்குக்காரர்கள். வடக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கிற கூட்டத்துக்கு அந்தப் பெயர். தலைவன் வேறு யாருமல்ல, அந்தப் புறா வீட்டு எர்வேதான். கூரை வேய்கிறவன், கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவன். கூட்டத்துக்கு ஒரு படுதா, ஆட்டத்தன்று கேலரியில் கட்டுவது. கறுப்புத் துணி, மஞ்சள் நூலில் சுரங்க விளக்கு, ஓரமெல்லாம் மஞ்சள் பட்டி. செத்துப்போன சுரங்கத்தாரின் மனைவிமார் உட்கார்ந்து கையால் தைத்தது. அந்தப் படுதா இருக்கும்வரைதான் கூட்டம் இருக்கும். எதிரி ஊர்க் கூட்டம் அதைக் கைச்சண்டையில் பறித்துக்கொண்டால், மறுநாளே கூட்டத்தைக் கலைத்துவிட வேண்டும். யாரும் கலைக்கச் சொல்ல மாட்டார்கள், தாமாகவே கலைப்பார்கள். பறித்தவன் அதைத் தன் கேலரியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவான். கத்தி கம்பி எடுக்கக் கூடாது, போலீசுக்குப் போகக் கூடாது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஓத்ரீவ் ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் மடக்கினார்கள். லுடோ படுதாவின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு உதை வாங்கினான். முன்பல் இரண்டு போனது, படுதா போகவில்லை.

இப்படிப்பட்ட பொருள் யார் வீட்டில் இருக்கிறது என்பது ரகசியம். வீடு மாறி மாறிப் போகும். அந்த மாதம் லுடோ வீட்டு முறை.

அந்த வாரம் பார்த்து ஆட்டத்தில் கொட்டோ கொட்டென்று மழை. படுதா ஈரத்தில் ஊறி நாறியது. வெளியில் காயப்போடக் கூடாது என்பது விதி. ஆனால் அம்மா மரிலீன் வாசலிலேயே மறித்துக்கொண்டாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருஷமாக அண்டா தூக்கிய கை. அந்தக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் யாரும் தாண்ட முடியாது.

"நாத்தம் புடிச்ச அந்தத் துணி என் வீட்டுக்குள்ள வந்துச்சு, நீயும் அதுவும் சேர்ந்து தெருவுல படுங்க!"

"அம்மா, இது துணி இல்லம்மா!"

"துணி இல்லாம? ஏசுநாதர் போர்வையா? கொல்லையில போடு, போ."

கொல்லையில் சுவர் உயரம். முன்னால் இரண்டு படுக்கை விரிப்பை மறைப்புக்குப் போட்டு, பின்கொடியில் படுதாவைத் தொங்கவிட்டான் லுடோ.

மறுநாள் சனிக்கிழமை. ஜோரிஸ் கழகத்தோடு முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தான். இனி அவன் தொழில்முறை ஆட்டக்காரன். மரிலீன் அழுதாள், சிரித்தாள், அக்கம்பக்கத்தையெல்லாம் கூப்பிட்டாள். அப்புறம் அவனைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்ப் புறாக்கூட்டின் முன்னால் நிறுத்தினாள்.

"அப்பாவோட புறா ஒண்ணைக் கையில எடு ராசா. அந்த மனுஷன் இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாரு. சிரிடா! மூஞ்சிய உம்முனு வச்சிக்கிட்டு, எழவுக்கா போற?"

அவன் கழகச் சட்டையோடு புறாவை ஏந்தி நின்றான். அவள் படம் எடுத்தாள். நல்ல படம்தான். அன்று சாயங்காலம் ஜோரிஸ் அதைத் தன் பக்கத்தில் போட்டான். ஊரே விரும்பியது. விளக்குக்காரர்கள் அத்தனை பேரும் இதயம் இதயமாகக் குத்தித் தள்ளினார்கள். படத்தின் ஓரத்தில், விரிப்புக்குக் கீழே, ஒரு கை அகலத்துக்குக் கறுப்புத் துணியும் மஞ்சள் பட்டியும் தெரிந்ததை அவர்களில் ஒருத்தனும் பார்க்கவில்லை. சொந்தக்காரன் கண்ணுக்குத் தன் பொருள் தெரியாது. திருட அலைகிறவன் கண்ணுக்குத்தான் தெரியும்.

ஞாயிறு மதியம் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். பீர் ஊற்றி வேகவைத்த மாட்டிறைச்சி. அடுப்பில் மாட்டுக்கொழுப்பு கொதிக்க, மரிலீன் இரண்டாம் சட்டி உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தாள். லுடோ ஒரு கையில் முள்கரண்டி, மறுகையில் தம்பியின் போன் என்று படத்தின் கீழ் வந்த பேச்சை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்.

"'வால்கூரின் தங்கம்'னு எழுதியிருக்கான் பாரு ஒருத்தன். தங்கமாம்! போட்ட சாக்ஸை எடுத்து வைக்க வக்கில்ல, தங்கம்!"

"பொறாமையில சாகாத," என்றான் ஜோரிஸ்.

"இவன் யாரு... 'துணி நல்லா காயட்டும் தம்பி'. என்ன துணி?"

லுடோ இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினான். முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது.

"எப்ப போட்ட இதை?"

"நேத்து சாயங்காலம். ஏன்?"

"அடப்பாவி! அடப்பாவி! பின்னாடி மலை தெரியுது, கோயில் கோபுரம் தெரியுது, வீட்டு விலாசத்தையும் எழுதி வச்சிருக்க வேண்டியதுதானே!"

நாற்காலி விழ எழுந்து கொல்லைக்கு ஓடினான். ஜோரிஸ் பின்னால் ஓடினான். லுடோ கொடியிலிருந்து படுதாவை இழுத்து மார்போடு சுருட்டும்போதே, பின்சந்தில் வேன் கதவு சரேலென்று திறக்கிற சத்தம் கேட்டது. சுவரின் மேல் கையுறை போட்ட கைகள் முளைத்தன.

லுடோ தம்பியின் கழுத்தைப் பிடித்தான். ஆள் நிற்கிற உயரத்துக்கு இருந்த புறாக்கூட்டின் கதவைத் திறந்து உள்ளே தள்ளி, வெளியே தாழ்ப்பாளைப் போட்டான்.

"லுடோ! தொற! நானும் வரேன்!"

"கால்! உன் காலுடா நாயே! உள்ள கெட! அதுல ஒரு கீறல் விழுந்துச்சு, உன்னை நானே கொன்னு பொதைச்சிருவேன்!"

முகத்தை மூடியவர்கள் சுவரேறிக் குதித்துக்கொண்டே இருந்தார்கள். லுடோ முதலில் குதித்தவனின் தாடையில் ஒன்று விட்டான், அவன் விரிப்போடு சேர்ந்து விழுந்தான். இரண்டாவது ஆளின் காதைக் கடித்தான். அதற்குள் மற்றவர்கள் மொய்த்துவிட்டார்கள். படுதாவைப் பிடித்த கையை ஒருவன் முறுக்க, ஒருவன் வயிற்றில் முழங்காலால் இடிக்க, ஒருவன் முடியைப் பற்றித் தலையைச் செங்கல் சுவரில் மோதினான். மறுபடியும் மோதினான். லுடோவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. பிடியை மட்டும் விடவில்லை.

ஜோரிஸ் கம்பிவலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தான். புறாக்கள் வெறிபிடித்ததுபோல் அவன் முகத்தில் சிறகடித்தன. அந்தக் கதவு, அப்பா பழைய பெட்டிப் பலகையை அடித்துச் செய்தது. ஒரு உதை போதும். வலது காலால் ஒரே உதை. காலைத் தூக்கவும் தூக்கினான். தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. பலகையில் ஆணி இருக்குமே, கணுக்காலில் ஏறிவிட்டால்? அண்ணனின் மண்டை சுவரில் மோதும்போது அவனுக்குத் தோன்றியது அதுதான். காலைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினான். கத்துவதற்குக் கால் வேண்டாம் அல்லவா?

அப்போது மரிலீன் வந்தாள். இரண்டு கையிலும் துணி சுற்றி, கொதிக்கிற கொழுப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிரில் நின்றவனின் தோளில் கவிழ்த்தாள். அவன் போட்ட அலறல் அடுத்த தெருவரை கேட்டது. சட்டை சதையோடு ஒட்டிக்கொள்ள, தரையில் விழுந்து புரண்டான்.

"என் புள்ளைய விடுங்கடா பொறம்போக்குகளா! இன்னொரு சட்டி இருக்கு!"

இன்னொரு சட்டி இல்லை. அவர்களில் நெட்டையாக இருந்தவன் எரிந்தவனைப் பார்த்தான், மரிலீனைப் பார்த்தான். பெண்ணை அடிக்கக் கூடாது என்பதும் விதிதான். அதனால் அவன் திரும்பி, தரையில் கிடந்த லுடோவின் காலைச் சுவர்த்திட்டின் மேல் தூக்கி வைத்து, முழங்காலின் மேல் ஏறிக் குதித்தான். காய்ந்த விறகு முறிகிற சத்தம் வந்தது. லுடோவின் விரல்கள் அப்போதுதான் விரிந்தன. படுதாவை அள்ளிக்கொண்டு, எரிந்தவனைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே போனார்கள். போகிற போக்கில் நெட்டையன் கம்பிவலைக்கு அருகே ஒரு கணம் நின்றான். உள்ளே பார்த்தான். சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் லுடோ, புறாக்கூட்டு ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான்.

"ஏணி பூட்ஸ் போட்டிருந்துதோ?" என்றார் டாக்டர், நெற்றியைத் தைத்துக்கொண்டே. "முட்டி இனி முழுசா மடங்காது. குளிர்ல நின்னு செய்யற வேலையை மறந்துடுங்க."

அவர் போனதும் லுடோ தம்பியைக் கிட்டே கூப்பிட்டான்.

"போன்ல போட்ட படத்தை அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன். லுடோ, நானே போய் எர்வேகிட்ட..."

"வாயைத் தொறந்தே, செத்தே. உன்னைத் தெருவுல நடக்க விடுவானுங்களா? அம்மா ரொட்டிக் கடைக்குப் போக முடியுமா? நான் வெளிய காயப்போட்டேன், சந்துல போனவன் எவனோ பாத்துட்டான். அவ்வளவுதான் நடந்தது. நான் காயப்போட்டது பொய்யும் இல்லையே."

மோனிக் கடையின் பின்னறையில் விளக்குக்காரர்கள் கூடினார்கள். லுடோ சக்கர நாற்காலியில் வந்து, சொல்ல வேண்டியதைச் சொன்னான். யாரும் அவனைத் தொடவில்லை; முட்டி உடைந்தவனை என்ன செய்வது? ஆனால் ஒருவன் அவன் மடியில் காறித் துப்பினான். ஜோரிஸ் அண்ணனின் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். துப்பலைத் துடைக்கக் கைக்குட்டை எடுத்தான், லுடோ அவன் கையைத் தட்டிவிட்டான். எர்வே எழுந்து, கட்டிப்போன தொண்டையில், "விளக்குக்காரர்கள் இன்னையோட இல்ல," என்றான். சொல்லிவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். கூரைமேல் காற்றில் நின்று பழகிய மனுஷன்.

அதன்பின் வந்தது ஓத்ரீவ் ஆட்டம். வால்கூர் மைதானத்தில்தான். வடக்குக் கேலரியில் ஆட்கள் நின்றார்கள், கொட்டு இல்லை, பாட்டு இல்லை. எதிர்க்கோடியில் ஓத்ரீவ்காரர்கள் கட்டிய கம்பியில் வால்கூரின் படுதா தலைகீழாகத் தொங்கியது. சுரங்க விளக்கின் சுடர் தரையைப் பார்த்தது. பார்க்கச் சகிக்காமல் கிழவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

இரண்டாம் பாதியில் நடுக்கள ஆள் ஒருவனுக்குத் தொடைத்தசை பிடித்தது. கோச் பெஞ்ச் பக்கம் திரும்பி, "ஜோரிஸ், எந்திரி," என்றார். எத்தனை வருஷக் கனவு! ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொல்ல, கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தான். லுடோ ஊன்றுகோலோடு பக்கக் கேலரியில் உட்கார்ந்திருந்தான்.

ஓத்ரீவ் கேலரி அவன் வருகைக்காகவே காத்திருந்திருக்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரு பெரிய துணியை விரித்தார்கள். அதில் அந்தப் படம். ஜோரிஸ், கழகச் சட்டை, கையில் புறா. ஓரத்துக் கறுப்புத் துணியைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே ஆளுயர எழுத்தில்: 'நன்றி, ஜோரிஸ்!' அத்தனை பேரும் கை தட்டிக்கொண்டே அதைப் பாட்டாகவும் பாடினார்கள்.

வடக்குக் கேலரிக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அங்கிருந்து தூற்றுகிற சீழ்க்கை கிளம்பியது. ஒருத்தர், பத்துப் பேர், பிறகு கேலரி முழுக்க. பந்து ஜோரிஸின் காலுக்கு வந்தபோதெல்லாம் அவனுடைய சொந்த ஊர் அவனைச் சீழ்க்கையடித்தது. அவன் கால் மரக்கட்டையாகிவிட்டது. நேரே கொடுக்க வேண்டிய பந்தை வெளியே அடித்தான். சிகரெட் லைட்டர் ஒன்று பறந்து வந்து தோளில் பட்டது.

ஓத்ரீவின் நடுக்கள ஆட்டக்காரன் அவனை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தான். பந்து தூரத்தில் இருந்தபோது காதருகே வந்தான்.

"அண்ணன் முட்டி எப்படி இருக்கு? நீ புறாவோட புறாவா உள்ள உட்கார்ந்து நல்லா வேடிக்கை பாத்தியாமே! எங்க ஊர் பூரா அதான் பேச்சு."

அடுத்து பந்து அவர்கள் பக்கம் வந்தபோது ஜோரிஸ் அதைப் பார்க்கவே இல்லை. ஓடிவந்து, காலை நீட்டி, அவன் கணுக்காலின் மேல் முழு பலத்தோடு இறங்கினான். அவன் சுருண்டு விழுந்து புல்லைக் கையால் அறைந்தான். எல்லாரும் ஓடிவந்து சட்டையைப் பிடித்துத் தள்ளினார்கள். நடுவர் யோசிக்கவில்லை, சிவப்பு அட்டையை நீட்டினார். ஆடியது கால்மணி நேரம் இருக்குமா? அந்தக் கால்மணிதான் இணையத்தில் இன்றுவரை அவன் சரித்திரம்.

ஆட்டம் முடிந்து ஊர் தோற்றுப் போனபின், ஜோரிஸ் சலவை அறைப் பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தான். அந்த வழி யாருக்கும் தெரியாது என்று நினைத்தான். விளக்குக்காரர்களாக இருந்தவர்கள் அவன் காரைச் சுற்றி நின்றார்கள். கார்க்கண்ணாடி ஏற்கெனவே நொறுங்கியிருந்தது. எர்வே முன்னால் வந்தான்.

"படத்தை நீதான் போட்டியா?"

"நான்தான்."

"லுடோ எங்ககிட்ட பொய் சொன்னான்."

"எனக்காகச் சொன்னான். அவனை விட்டுடுங்க."

"அவனை விடறோம். உன்னை எப்படி விடறது? எங்கம்மா தைச்ச விளக்குடா அது! செத்துப்போன எங்கம்மா!"

ஒருவன் ஜோரிஸின் கழுத்துப்பட்டியைப் பிடித்தான். இன்னொருவன் பின்னாலிருந்து கையை முறுக்கினான். வட்டம் இறுகியது. அப்போது டக், டக் என்று தார்த்தரையில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது.

"ஒதுங்குங்கடா," என்றான் லுடோ.

"உனக்கும் ஒரு கணக்கு இருக்கு லுடோ."

"என் கணக்கை முட்டியில எழுதியாச்சு. ஒதுங்கு எர்வே. இவன் என் வீட்டுப் பையன்."

எர்வே அவன் முகத்தைப் பார்த்தான். சொல்வது என்ன என்று புரிந்தது. கையைக் காட்டினான், வட்டம் விலகியது. லுடோ தம்பியின் எதிரே வந்து நின்றான். ஜோரிஸ் வாயைத் திறப்பதற்குள் ஊன்றுகோலின் பிடி அவன் வாயில் இறங்கியது. உதடு பிளந்து ரத்தம் தெறித்தது. அடுத்து தோளில். அடுத்து முதுகில். ஒப்புக்கு அடித்த அடி என்று நினைத்தால் நீங்கள் லுடோவை அறியாதவர். பல்லைக் கடித்துக்கொண்டு, பிணம்போல் வெளுத்து, நெஞ்சில் தேங்கியதையெல்லாம் சேர்த்து அடித்தான். ஜோரிஸ் மண்டியிட்டான், கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. விலா எலும்பில் விழுந்த அடியில் மூச்சு நின்று, தரையில் சாய்ந்தான்.

"கால்ல போடு லுடோ!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "நம்ம குடியைக் கெடுத்தவன் ஆடிக் கிழிச்சது போதும், கால்ல போடு!"

லுடோ நின்றான். ஊன்றுகோலை ஓங்கியபடியே அவன் பக்கம் திரும்பினான்.

"எவன்டா அது? இந்தக் கால்ல கை வச்சவன் வீட்டுக்குக் காலோட போக மாட்டான். வாடா முன்னாடி. வா!"

யாரும் வரவில்லை. லுடோ எர்வேயின் பக்கம் திரும்பினான். மூச்சிரைத்தது.

"போதுமா?"

எர்வே கீழே கிடந்தவனைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"போதும்."

கூட்டம் கலைந்தது. அப்பா காலத்தில்போல் இந்தமுறை யாரும் பீர் குடிக்கக் கூப்பிடவில்லை. அவர்கள் போய் மறைந்ததும் லுடோவின் நல்ல கால் தள்ளாடியது; ஊன்ற வேண்டிய கோலால்தானே இவ்வளவு நேரம் அடித்திருக்கிறான், பொத்தென்று விழுந்தான். ஜோரிஸ் ரத்தத்தைத் துப்பிவிட்டு எழுந்து, அண்ணனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, இருக்கையில் கிடந்த கண்ணாடித் தூளைக் கையால் தள்ளிவிட்டு உட்காரவைத்தான். மடங்காத காலைப் பிடித்து மெதுவாக உள்ளே வைத்தான். சுற்றிவந்து தன் இடத்தில் உட்கார்ந்து சாவியைப் போட்டான்.

"அந்தக் கூட்டுக் கதவு," என்றான் லுடோ.

"ம்."

"அப்பா அடிச்சது. பெட்டிப் பலகை. ஒரு உதைக்குத் தாங்காது."

ஜோரிஸ் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான். உதட்டு ரத்தம் கழகச் சட்டையில் சொட்டியது.

"ஏன்டா உதைக்கல?"

"கால்னு நீதானே சொன்ன."

லுடோ தம்பியின் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த வலது காலைப் பார்த்தான்.

"ஆமா," என்றான். "நான்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு முகத்தை உடைந்த சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். வீடு வந்து சேரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.